அஞ்சினான் புகலிடம்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால்நடை மருத்துவனாக அரசுப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். சமய நூல்களில் ஆழ்ந்த புலமை உடையவன் அல்லன். ஆயினும் அறக்கட்டளையின் பெரியோர்கள் என்னை இங்கே பேசுமாறு பணித்ததற்குக் காரணம் உண்டு. நம் இளைஞர்கள் சிலர், ஜீவதயை நிதியிலிருந்து பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரு காப்பகம் கட்ட வேண்டும் என்று விண்ணப்பம் அளித்திருக்கிறார்கள். மீன்பிடித் தொழில் நடக்கும் இடத்தில் நமக்கு என்ன பணி என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நாய்க்குச் செலவிடுவதைவிட ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கலாமே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நகரத்துக் காப்பகங்களின் வரலாற்றைச் சொன்னால் முடிவெடுக்க உதவும் என்பது பெரியோர்களின் எண்ணம். அவ்வரலாற்றைச் சொல்வதற்கு முன்னர், சென்ற மாதம் நான் கண்டதைச் சொல்கிறேன்.

இளைஞர்களுடன் பழவேற்காட்டுக்குச் சென்றேன். வழியில் புழலில் இறங்கி ஆதிநாதரைத் தரிசித்துவிட்டு, பொன்னேரி வழியாகப் பயணம் செய்தோம். சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. காலையில் படகுகள் கரை சேர்ந்து வலை உதறும் இடத்தில் மனிதருக்கு நிகராக நாய்கள் காத்து நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால், படகின் நிழலில், பூனைகள். உதறி எறியும் பொடிமீனும் கழிவும்தான் அவற்றின் உணவு.

ஒரு குப்பத்தில் ஓர் அம்மையார் எங்களிடம் வந்தார். அவருடைய எட்டு வயது மகனை மூன்று மாதங்களுக்கு முன் நாய் கடித்திருக்கிறது. ஊசிகள் எல்லாம் போட்டாகிவிட்டது, காயமும் ஆறிவிட்டது. ஆனால் பையன் தனியாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறான். அந்த அம்மையார் கேட்டார்: "ஐயா, நாய்க்கு எடம் கட்டப் போறீங்கன்னு சொல்றாங்க. கட்டுங்க, வேணாங்கல. எம் புள்ளைக்கு இருக்கிற பயத்துக்கு என்னா செய்வீங்க?"

என்னுடன் வந்த இளைஞர்கள் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்போது பதில் தோன்றவில்லை. இன்றைய உரை அந்த அம்மையாருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில்தான்.

நம் சமயம் இல்லறத்தார்க்கு நால்வகைத் தானங்களை விதித்திருக்கிறது. ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்பன அவை. உணவும் மருந்தும் கல்வியும் எல்லோரும் அறிந்த தானங்கள். அச்சத்திலிருக்கும் உயிர்க்கு அச்சம் நீங்கச் செய்வது நான்காவது. தமிழகத்துச் சமணர்கள் இந்நான்காவது தானத்தை ஏட்டளவில் வைத்துக்கொள்ளவில்லை. துன்பத்தால் ஓடிவந்தவர்களுக்கு இடமளிக்கும் புகலிடங்களை அமைத்தார்கள். 'அஞ்சினான் புகலிடம்' என்னும் பெயரால் வடாற்காடு, தென்னாற்காடு பகுதிக் கல்வெட்டுகள் அவற்றைக் குறிப்பிடுகின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் இதனை எடுத்துக்காட்டியிருக்கிறார். காப்பகம் என்று நாம் இன்று சொல்லும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த பெயர் எனக்குத் தெரியவில்லை. அஞ்சியவன் யாராயினும் அவனுக்குப் புகலிடம் என்பது அப்பெயரின் பொருள்.

அக்கல்வெட்டுகள் மனிதர்க்கானவை. வாயில்லா உயிர்களுக்கான புகலிடம் நகரங்களில் எவ்வாறு வளர்ந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

1832ஆம் ஆண்டு பம்பாயில் உரிமையாளரற்ற நாய்களைக் கொல்லுமாறு ஆங்கில அரசு ஆணையிட்டது. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். பிற சமயத்தாரும் அவர்களோடு சேர்ந்துகொள்ள, கடைகள் மூடப்பட்டன, நகரம் நின்றது. இரண்டாண்டுகள் கழித்து, 1834இல், பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் மோதிஷா சேட்டும் முன்னின்று பம்பாய் பிஞ்சரபோலை நிறுவினார்கள். தெருவில் கொல்லப்படும் நாய்களைக் கொண்டுவந்து காக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நம்மவர் பொருள் இப்பணியில் இறங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. சென்னையிலும் 1906இல் அயனாவரத்தில் பிஞ்சரபோல் தொடங்கப்பட்டது. அது பெரும்பாலும் பசுக்களுக்கான இடமாக வளர்ந்தது. தெருநாயின் கதை சென்னையில் வேறு விதமாகச் சென்றது.

சென்னை மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய்க்கும் குறைவாகவே கொல்லப்பட்டது என்றும், 1996 அளவில் அது நாளொன்றுக்கு 135 வரை உயர்ந்தது என்றும் புளூ கிராஸ் அமைப்பின் டாக்டர் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். இவ்விரு எண்களையும் ஒருகணம் எண்ணிப் பாருங்கள். நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாது கொன்ற பின்னரும், கொல்வதற்கு முன்னைவிட அதிகமான நாய்கள் இருந்தன. கொலையால் நாய்கள் குறைந்திருந்தால் எண்ணிக்கை இறங்கியிருக்க வேண்டும்.

இதன் காரணத்தை என் பணிக்காலத்தில் நேரில் கண்டிருக்கிறேன். இளமையில் நான் பணியாற்றிய ஒரு கடலோர ஊரில், கடிக்கு அஞ்சிய மக்கள் மீனில் நஞ்சு கலந்து வைத்துவிட்டார்கள். ஊரின் பெயர் வேண்டாம். விடியற்காலையில் நான் போனபோது இருபதுக்கும் மேற்பட்ட நாய்கள் மணலில் கிடந்தன. பூனைகளும் காகங்களும் உடன் கிடந்தன. ஓராண்டு சென்று அவ்வூருக்கு மீண்டும் போனேன். வலை உதறும் இடத்தில் பழையபடி நாய்கள் நின்றன. பழைய நாய்கள் ஊர்ப் பிள்ளைகளை அறிந்தவை. இப்போது வந்தவை அக்கம்பக்கத்திலிருந்து புதிதாகக் குடியேறியவை, எவரையும் அறியாதவை, தமக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்தவை. உணவு இருக்கும் இடம் வெறுமையாக இராது. ஒரு பெண் நாய் ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும். கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். கொன்று உண்டாக்கிய வெற்றிடம் சில மாதங்களில் நிரம்பிவிடுகிறது.

சென்னையில் இதற்கு மாற்றுவழி தேடியவர்கள் ஒரு குடும்பத்தார். விமானி கேப்டன் வி. சுந்தரமும், அவர் துணைவியாரும் நாட்டின் முன்னோடிப் பெண் விமானிகளுள் ஒருவருமான உஷா சுந்தரமும், 1959இல் தியாகராய நகரில் தம் இல்லத்திலேயே இப்பணியைத் தொடங்கினார்கள். மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததே தொடக்கம் என்று சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகளும் உடனுழைத்தனர். மேலே குறிப்பிட்ட சின்னி கிருஷ்ணா அவர்களுள் ஒருவர். 1964இல் அது 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா' என்னும் பெயரில் பதிவு பெற்றது. இன்று கிண்டி வேளச்சேரிச் சாலையில் இருக்கும் அக்காப்பகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அதே காலத்தில் சட்டமும் உருவாயிற்று. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குகளுக்காகத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் வழியாகவே 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

புளூ கிராஸ் 1964 முதலே மாநகராட்சியிடம் ஒன்றை வற்புறுத்தி வந்தது. நாயைக் கொல்ல வேண்டாம். பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கோரிக்கை காத்திருந்தது. 1996இல் மாநகராட்சி கொலையைக் கைவிட்டு இம்முறையை ஏற்றது. 2001இல் மத்திய அரசு நாடு முழுமைக்கும் இதனை விதியாக்கியது. 2023இல் புதிய விதிகள் வந்தன. சென்ற 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில், தில்லி வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் முதலில் ஆணையிட்டதையும், பதினொரு நாட்களில் அதனை மாற்றி, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர ஏனையவற்றைச் சிகிச்சைக்குப் பின் அதே இடத்தில் விடுமாறு கூறியதையும் செய்தித்தாள்களில் படித்தீர்கள். நவம்பரில் பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற வளாகங்களிலிருந்து மட்டும் நாய்களை நிரந்தரமாக அகற்றுமாறு வேறோர் ஆணையும் வந்தது. அஞ்சும் மனிதனுக்கும் அஞ்சும் விலங்குக்கும் நடுவே நாடே வழி தேடிக்கொண்டிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. காப்பகத்தை நடத்தியவர்களே, காப்பகம் மட்டும் போதாது என்று கண்டுகொண்டார்கள். ஊரில் உள்ள எல்லா நாய்களையும் சுவருக்குள் கொண்டுவந்தால் அங்கே நெரிசல் உண்டாகும். டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்றுநோய்கள் பரவும். குட்டிகள் முதலில் மாளும். காப்பகம் இருக்கிறது என்று அறிந்தவுடன், வளர்த்த நாயை வாசலில் கட்டிப்போட்டுப் போகிறவர்கள் பெருகுவார்கள். வெளியே தெருவிலோ புதிய நாய்கள் வந்து சேரும். பிஞ்சரா என்னும் வடசொல்லுக்குக் கூண்டு என்றே பொருள். கூண்டு நோயுற்ற உயிர்க்கு மருத்துவமனையாகலாம். நலமாக ஓடித் திரியும் உயிர்க்கு அது சிறை.

நம் ஆசாரியர்கள் இதனை முன்பே எண்ணியிருக்கிறார்கள். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறார். உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவை மறுத்தல் ஆகியன அவை. அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவற்றைக் கூறும். கட்டிவைத்தல் குற்றம் என்றால், நலமான நாயை வாழ்நாள் முழுதும் அடைத்து வைப்பது எவ்வாறு தருமமாகும்?

உடனே ஒரு கேள்வி எழும்; எழ வேண்டும். உறுப்பறுத்தலும் அதே பட்டியலில் இருக்கிறதே, கருத்தடை அறுவையும், அடையாளத்துக்காகக் காது நுனியைக் கத்தரிப்பதும் அதில் அடங்காதா? விண்ணப்பத்தை எதிர்க்கும் பெரியவர் ஒருவர் இதனை என்னிடம் கேட்டார். அவருடைய கேள்வியை நான் மதிக்கிறேன். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்போது செயலை மட்டும் நோக்கவில்லை. செய்வோன் உள்ளத்திலுள்ள பிரமாதத்தையும் சேர்த்தே நோக்குகிறார். மருத்துவன் மயக்க மருந்து கொடுத்து, வலி நீக்கி, புண் ஆறும்வரை காத்துச் செய்யும் அறுவைக்கும், சினத்தாலோ பேராசையாலோ உறுப்பை அறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் அறுவையில் துன்பமே இல்லை என்று இவ்வவையில் நான் சொல்லமாட்டேன். என் கைகளால் செய்தவன் நான். அந்நாய்களின் கண்களைப் பார்த்தவன். பிறந்து பசியாலும் நோயாலும் வண்டிச் சக்கரத்தாலும் நஞ்சாலும் மாளும் குட்டிகளின் துன்பத்தோடு வைத்துப் பார்க்கும்போது, இல்லறத்தான் அச்சிறு துன்பத்தைத் தன் பொறுப்பில் ஏற்கலாம் என்பதே என் கருத்து. ஏற்றபின் பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினைக்க வேண்டும்.

நாய்க்கு இவ்வளவு எண்ண வேண்டுமா என்று கேட்போருக்குத் திருத்தக்கதேவர் விடை வைத்திருக்கிறார். சீவக சிந்தாமணியில், சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் பிரியும் நாய் ஒன்றைச் சீவகன் காண்கிறான். அதன் செவியில் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகன் உயிருக்கு இடர் வந்தபோது ஓடிவந்து காக்கிறது. இக்கதையைச் சிறுவயதில் நம் வீடுகளில் கேட்டோம். ஐந்து பொறியும் மனமும் உடைய அவ்வுயிரின் பயணத்தில் நாம் ஓர் இடைவழித் துணை என்பதை அக்கதை நமக்கு உணர்த்துகிறது.

இனிப் பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். அங்குள்ள மக்கள் தொழிலைப் பற்றி உபதேசம் செய்ய நாம் போகவில்லை, போகவும் கூடாது. அவர்கள் பட்டினியைக் கண்டவர்கள். தமக்குள் பகிர்ந்துண்ணும் முறையையும் கண்டவர்கள். 'பாடு' என்று ஒரு வழக்கம் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியில் மீன் கிடைக்கும் இடங்களை ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. இன்று ஒருவருக்கு நல்ல இடம் என்றால் நாளை மற்றவருக்கு. இவ்வாறு முறை வகுத்து வாழும் மக்கள், நாய்களைப் பற்றியும் ஊர் கூடி ஒரு முறை வகுக்க வல்லவர்கள். நாம் செய்யத்தக்கது அதற்குத் துணை நிற்பது.

என் பரிந்துரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, தடுப்பூசி. ஓர் ஊரில் பத்து நாய்களுக்கு ஏழு வீதம் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டால் அங்கே நோய் பரவுதல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. குளிர்ப்பெட்டியும் மருத்துவரும் நாயைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஊர்ச் சிறுவர்களும் போதும். பூனைகளுக்கும் இவ்வூசி உண்டு.

இரண்டாவது, கருத்தடை. இதனை விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளே செய்ய வேண்டும் என்பது விதி. அவர்களோடு உடன்படிக்கை செய்து, வண்டிச் செலவையும் அறுவைக்குப் பிந்திய பராமரிப்புச் செலவையும் நம் நிதி ஏற்கலாம். குப்பம் குப்பமாக முடிக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தால் பயனில்லை.

மூன்றாவது, கரையில் கிடக்கும் மீன் கழிவு. எவ்வளவு உணவு சிதறிக் கிடக்கிறதோ அவ்வளவு நாய்கள் வரும். ஊர்ப் பெரியவர்களுடன் பேசி, கழிவைக் குழியிலிட்டு மூடவும், ஊரைத் தாண்டி ஓரிடத்தில் மட்டும் உணவிடவும் ஏற்பாடு செய்யலாம். தை முதல் பங்குனி வரை அக்கரையில் ஏறி முட்டையிடும் கடலாமைகளுக்கும் அது நன்மை; நாய்கள் மணலைத் தோண்டி முட்டைகளைத் தின்பது குறையும். ஆமைக்குஞ்சும் அஞ்சும் உயிர்தானே?

நான்காவது, பிள்ளைகளுக்குக் கற்பித்தல். இது சாஸ்திர தானத்தின் ஒரு கூறு. கல்விக்குக் கொடுக்கலாமே என்று சொன்னவர்களுக்கும் இதுவே என் விடை. ஓடாமல் நிற்பது, உண்ணும் நாயையும் குட்டியோடிருக்கும் நாயையும் நெருங்காமலிருப்பது, கடித்துவிட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவது, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையம் செல்வது. அங்கே ஊசி இலவசம். சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் முடிக்க வேண்டும். ஆழ்ந்த கடியாயின் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மருந்து இல்லை. வெளிப்படுமுன் தடுத்தால் சாவு இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு அருகில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

ஐந்தாவதாக, ஒரு சிறு கொட்டகை. அடிபட்டவை, நோயுற்றவை, தாயிழந்த குட்டிகள் ஆகியவற்றுக்கு மட்டும். ஆறியபின் அவை தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இளைஞர்கள் கேட்ட காப்பகம் இவ்வளவே போதும். கட்டடத்துக்கு ஒதுக்க நினைத்த பணத்தின் பெரும்பகுதி முதல் நான்கு பணிகளுக்குச் செல்லட்டும்.

கட்டடம் எழுந்தால் கல்லில் கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். தடுப்பூசி போட்ட நாயின் மீது பெயர் பொறிக்க இயலாது. அதன் காது நுனியில் ஒரு சிறு வெட்டு மட்டுமே இருக்கும். அதனைப் பார்த்து, இந்நாய்க்கு அஞ்ச வேண்டியதில்லை என்று ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொல்வாளாயின், நம் கொடைக்கு அதைவிடப் பெரிய கல்வெட்டு வேண்டுமா?

அந்த அம்மையாருக்கு என் பதில் இதுதான்: "அம்மா, நாயின் அச்சத்தையும் உங்கள் பிள்ளையின் அச்சத்தையும் தனித்தனியே நீக்க இயலாது. ஒன்றை நீக்கும் வழியிலேயே மற்றதும் நீங்கும். அந்த நாய்க்கு ஊசி போடும் நாளில் உங்கள் மகனும் எங்களோடு நிற்கட்டும். நான் அதன் வாயைப் பிடித்துக்கொள்கிறேன். அவன் அதன் முதுகில் கை வைக்கட்டும்."

வரும் வாரம் மீண்டும் பழவேற்காடு செல்கிறோம். பெரியவர்களில் எவரேனும் உடன் வருவதாயின் வண்டியில் இடம் இருக்கிறது. புழலில் ஆதிநாதரை வணங்கிவிட்டுச் செல்வோம்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க. ஜெய ஜினேந்திரம்.